மகனுக்கு "வாசிக்கத் தெரியாது" என்கிறார்கள்: தமிழில் வாசித்தால் கணக்கில் வராதா?

#1 | தோட்டத்துப் பேத்தி

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவன் இந்த வருடம் முதலாம் படிவம். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இப்போது டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். மூன்றாவது வாரமே மலாய்மொழி ஆசிரியை ஒரு சின்னச் சோதனை வைத்துப் பத்துப் பன்னிரண்டு பேரைத் தனி மேசைகளுக்கு மாற்றிவிட்டார். "வாசிக்கத் தெரியாதவர்கள்" குழுவாம். போய்ப் பார்த்தேன். ஓர் ஓராங் அஸ்லி பையனைத் தவிர எல்லாம் நம் பிள்ளைகள் (ஓராங் அஸ்லி என்றால் இந்நாட்டுப் பூர்வகுடிகள்).

ஆசிரியை கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சிரித்த முகமாகத்தான் பேசினார். "பூடாக் இந்தியா மெமாங் லெமா, புவான்" என்றார். இந்தியப் பிள்ளைகள் எப்போதுமே கொஞ்சம் பலவீனம்தான், நீங்கள் வருத்தப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

வீட்டில் பாட்டிக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுவது இவன்தான். பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மரண அறிவித்தலில் தொடங்கி ராசிபலன் வரைக்கும் வாசித்தாக வேண்டும். ஒரு வரியைத் தாண்டினால் பாட்டிக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் "வாசிக்கத் தெரியாதவன்" என்றால் எனக்குப் புரியவில்லை.

அதே வாரம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுப் படிவமும் வீட்டுக்கு வந்தது. மாணவர்களின் வாசிப்புத் திறன் பற்றியதாம். முதல் கேள்வியே இனம்: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். அப்புறம் வருமானம், அப்பா அம்மா படிப்பு, வீட்டில் எத்தனை புத்தகம். பிள்ளை வேறு எந்த மொழியில் வாசிப்பான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சின்னவள் அடுத்த வருடம் ஒன்றாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியா, மலாயில் நடக்கிற தேசியப் பள்ளியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 | கிராணி மகன்

எதற்கெடுத்தாலும் இனம் என்று கிளம்பாதீர்கள் சகோதரி. நானும் தமிழ்ப்பள்ளிதான். புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து மலாய் கற்று, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) நன்றாகவே எழுதி, இன்று ஈப்போவில் வேலை பார்க்கிறேன். தமிழ்ப் பேப்பர் வாசித்தால் தமிழ் வரும். மலாய் வாசித்தால் மலாய் வரும். ட்யூஷன் போடுங்கள், ஆறு மாதத்தில் சரியாகிவிடும். சின்னவளைத் தேசியப் பள்ளியில் சேருங்கள். அவ்வளவுதான் லா.

#3 | குறைநீக்கல் டீச்சர்

பேத்தி, ட்யூஷனுக்கு முன் ஒரு வேலை. அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் எனக்கு வேண்டாம். பையன் எழுதிய எழுத்தைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் தப்பு என்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

நான் 27 வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தேன், அதில் கடைசி 14 வருடம் குறைநீக்கல் வகுப்பு. 2010-இல் லினுஸ் திட்டம் வந்தது நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் வந்துவிட வேண்டும் என்பது இலக்கு. நல்ல இலக்குதான், நானும் நம்பி உழைத்தேன். எழுத்தறிவுக்கு 12 படிகள்: எழுத்தை அடையாளம் காண்பது, அசை, சொல், வாக்கியம் என்று ஏறும். எண்ணறிவை எங்கள் பிள்ளைகள் தமிழில் செய்யலாம். எழுத்தறிவு மட்டும் மலாயில். 2013-இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழில் பாடம் படிக்கும் பிள்ளையின் தமிழ் எழுத்தறிவை எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், எழுத்தறிவு என்ற சொல்லுக்கு அங்கே மலாயில் வாசிப்பதும் எழுதுவதும்தான் பொருள்.

என்னிடம் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இரண்டாம் ஆண்டு. தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் குரலை மாற்றி மாற்றி, நரிக்கு ஒரு குரல் காகத்துக்கு ஒரு குரல் என்று வாசிப்பாள். மலாயில் நான்காவது படியில் நின்றாள். மாவட்டத்துக்குப் போகிற அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே "எழுத்தறிவு பெறவில்லை" என்று கோடு போட்டது யார்? நான்தான். என் கையால்தான் போட்டேன். ஆகவே அந்த ஆசிரியையைத் திட்டும் தகுதி எனக்கில்லை.

கிராணி மகன் தம்பிக்கு: வாசிக்கக் கற்பது ஒரு தடவைதான். அதற்குப் பிறகு புது எழுத்து, புதுச் சொல், அவ்வளவே. ஒரு மரத்தில் பால் வெட்டக் கற்றவன் அடுத்த நிரையில் கத்தி பிடிக்கத் தெரியாமல் நிற்கமாட்டான். அவனுக்கு மரம்தான் புதிது. "இவனுக்கு வெட்டவே தெரியாது" என்று எழுதிவிட்டால், மறுபடி கத்தி பிடிப்பதிலிருந்து தொடங்குவார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை "பா பி பூ" சொல்லச் சொல்வார்கள். அவன் மனம் விட்டுப்போவது அங்கேதான்.

#4 | மட்டுறுத்துநர்

ஒரு பதிலில் பள்ளியின் பெயரும் ஆசிரியை பெயரும் வந்திருந்தன. நீக்கிவிட்டேன். பெயர் இல்லாமலே பேசலாம்.

#5 | கிராணி மகன்

டீச்சர் மேல் மரியாதை உண்டு. ஆனால் உண்மையையும் பேசுவோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530-ஐத் தொடவில்லை. இருப்பதிலும் 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள் எத்தனை! இன்னும் சின்னப் பள்ளியென்றால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் பாடம் நடத்துகிறார். மலாய்ப் பாட நேரத்தைத் தவிர மலாய் காதில் விழ வழியில்லை. இது பணப் பிரச்சினை, இடப் பிரச்சினை. ஈப்போவில் வசதியான இந்தியர் வீட்டுப் பிள்ளையை யாராவது "மெமாங் லெமா" என்றார்களா? இனம் காரணம் என்றால் அவனும் அல்லவா பலவீனமாக இருக்க வேண்டும்?

#6 | கித்தா மரத்தடி

தம்பி, எனக்கு 78 வயது. பணம், இடம், இனம் என்று நீங்கள் மூன்றாகப் பிரிக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அது மூன்று பிரி சேர்த்து முறுக்கிய ஒரே கயிறு.

தோட்டத்தில் 10 பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912-லேயே தொழிலாளர் சட்டம் போட்டார்கள். பத்துத் தலை என்று கணக்குச் சொன்னது சட்டம். எப்படிப்பட்ட வாத்தியார், எத்தனை வகுப்பு என்று முதலாளி கவலைப்படவில்லை. நான் படித்தது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் கோடியில் ஓர் அறை. பக்கத்திலேயே ஆயாக்கொட்டகை, குழந்தைகள் அழுகிற சத்தத்தில்தான் ஆத்திசூடி. வாத்தியார் விடியற்காலை பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்துவார். பெயர் கூப்பிடுகிற அதே குரல்தான். ஆறாம் வகுப்போடு கதவு மூடும். அதற்குமேல் என்ன என்று கேட்டால் கத்தியும் வாளியும்.

மலாய்ப் பிள்ளைக்குக் கம்பத்தில் மலாய்ப் பள்ளி, சீனப் பிள்ளைக்குக் கடைத்தெருவில் சீனப்பள்ளி, காசுள்ள எல்லா இனத்துப் பிள்ளைக்கும் டவுனில் ஆங்கிலப்பள்ளி. யார் எவ்வளவு எழுத்து கற்கலாம் என்பதை வெள்ளைக்காரன் இனத்தையும் வேலையையும் பார்த்து அளந்து ஊற்றினான். பால் எடை போட்ட சீட்டைப் படிக்கத் தெரிந்தால் தமிழனுக்குப் போதும் என்ற அளவு அது. அந்த அளவை மீறத்தான் நம் ஊரிலேயே 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலையைக் கட்டினார்கள். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். எங்கள் தோட்டத்திலிருந்து லாரி பிடித்துப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன், இன்றுவரைக்கும் அந்த வருத்தம் உண்டு.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. சொல்ல வந்தது இதுதான்: "இந்தியப் பிள்ளை பலவீனம்" என்ற வார்த்தை அந்த ஆசிரியை கண்டுபிடித்தது அல்ல, அவருக்கு வயசு முப்பது இருக்குமா? அந்த வார்த்தைக்கு என் அப்பாவின் வயசு.

#7 | ஆய்வு மாணவி

பேத்தி அக்கா, நான் அந்தப் படிவம் தயாரிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். உங்கள் வீட்டுக்கு வந்தது என்னுடையதில்லை, ஆனால் என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனம் ஏன் முதல் கேள்வி? பெரிய யோசனை ஒன்றும் இல்லை. போன வருடத்து மாணவர் படிவத்திலிருந்து நகலெடுப்போம். அதில் முதல் கேள்வி இனம். நான்கு கட்டம் இருந்தால் கணினியில் நான்கு தூண் எழும்பும், ஒரு தூண் குட்டையாக இருக்கும், அதன்கீழ் ஒரு பத்தி எழுதலாம். குட்டைத் தூணுக்குக் காரணம் தேடி வீட்டுக்குள் போவோம்: புத்தகம் இல்லை, அப்பா குடிக்கிறார், அம்மா படிக்கவில்லை. வகுப்பறைக்குள்ளோ சோதனைத் தாளுக்குள்ளோ போகமாட்டோம்.

என் முதுகலை ஆய்வு, தமிழ்ப்பள்ளி மாணவர்களின் மலாய் எழுத்துப்பிழைகள் பற்றியது. பிழைகளை எல்லாம் கொட்டிப் பிரித்தபின் அந்தப் பெட்டிக்கு "தாய்மொழிக் குறுக்கீடு" என்று பெயர் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். இத்துறையில் எல்லாரும் வைக்கிற பெயர்தான். இப்போது நினைத்தால் அந்தச் சொல்லே இடிக்கிறது. வீட்டு மொழியே பள்ளி மொழியாக இருக்கிற பிள்ளையை அளவுகோலாக நிறுத்திவிட்டு, மற்ற பிள்ளைக்குத் தெரிந்த மொழியைக் "குறுக்கே வருவது" என்கிறோம். அந்த இரு பிள்ளைகளையும் இரண்டு தூணாகப் பக்கத்தில் நிறுத்தியதே ஒரு முடிவுதான், நான் எடுக்காத முடிவு.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு பழையது. அங்கே எழுத்தறிவையும் இனத்தையும் சட்டமே கட்டிவைத்திருந்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பது குற்றம் என்று தென் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டது. அதைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது 1979-இல் வந்த ஒரு தீர்ப்பு. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர், பல்கலைக்கழக ஊர், படித்தவர்கள் நிறைந்த ஊர். அங்கே ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்த 11 கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற ஆங்கிலம் வேறு. அதற்கும் அதற்கான ஒழுங்கு உண்டு. பள்ளியோ அதைப் பிழை என்று பார்த்தது, சில பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்றும் ஒதுக்கியது. நீதிபதி சார்ல்ஸ் ஜோய்னர் சொன்னது கவனிக்கத்தக்கது. பிள்ளையின் பேச்சுமொழி தானாகத் தடை ஆகவில்லை. அதை ஆசிரியர் பார்க்கும் பார்வைதான் வாசிப்புக்குத் தடையாகிறது என்றார். பிள்ளைகளின் வீட்டு மொழியை அறிந்துகொள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி ஆனது. பாடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆசிரியர்கள் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே பெரிது.

அப்புறம் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ். கறுப்பினப் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களை நன்றாகப் படிக்கவைக்கிற ஆசிரியர்கள் யார் என்று பெற்றோர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் போய்க் கேட்டார். அப்படிக் கிடைத்த எட்டு ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார். நம் ஊரில் யாராவது இப்படி ஓர் ஆய்வு செய்தால், #3-இல் எழுதியிருக்கும் டீச்சரின் வகுப்பில்தான் முதலில் உட்கார வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கதை அப்படியே நம் கதை இல்லை. நமக்குச் சொந்த எழுத்து இருக்கிறது, சொந்தப் பள்ளி இருக்கிறது, அதைச் சட்டமும் ஏற்கிறது. அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. கேள்வியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

#8 | மூன்றாம் கட்டத்துக்காரன்

எங்கள் வீட்டில் தெலுங்கு. பாட்டி காலத்திலிருந்து தமிழ்ப்பள்ளி. படிவத்தில் "இந்தியர்". எதிர்வீட்டு பஞ்சாபிப் பையனும் "இந்தியர்", வீட்டில் குர்முகி எழுத்து, பள்ளி சீனப்பள்ளி. அவனும் என் மகளும் ஒரே தூணில்! 1891 மக்கள் கணக்கெடுப்பில் "தமிழரும் இந்தியாவின் பிற பூர்வகுடிகளும்" என்று ஒரு கட்டம் இருந்ததாம். அப்போது நாங்கள் "பிற". இப்போது அந்தச் சொல்லும் போய்விட்டது. வாசிப்பை ஆராய்கிறவர்கள் இனத்தைக் கேட்பதற்குப் பதிலாக வீட்டில் என்ன பேசுகிறீர்கள், எந்த எழுத்தில் முதலில் வாசித்தாய் என்று இரண்டு கேள்வி கேட்டால் காகிதம் தேய்ந்துவிடுமா?

#9 | மலையேறும் வாத்தியார்

முதல் பதிவில் "ஓர் ஓராங் அஸ்லி பையனைத் தவிர" என்று ஒரு வரி வந்தது. எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் நிற்கிறேன்.

பிளஸ் ஆற்றின் மேல்பக்கம், நாலு சக்கர வண்டி மட்டும் போகிற பாதையில், தேசியப் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் தெமியார், ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவு. வீட்டில் தெமியார் மொழி. அதற்குப் பாடநூலும் கிடையாது, மரண அறிவித்தல் பக்கமும் கிடையாது. செமாய் என்ற இன்னொரு அஸ்லி மொழியாவது சில பள்ளிகளில் ஒரு பாடமாக இருக்கிறது. என் பிள்ளைகள் முதல் நாளே மலாயில் வாசிக்கத் தொடங்க வேண்டும், அதுவும் மலாய்க் காதே இல்லாமல்.

போன முதல் வருடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அஸ்லி பிள்ளைகள் மெமாங் லெமா." நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், கடைசி வகுப்பில் உட்கார்ந்தவன். அந்த வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னபோது வலித்தது, நான் சொன்னபோது இயல்பாக வந்தது. ஒரு மழைநாளில் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஆற்றங்கரை மண்ணில் கால்தடம் பார்த்து, பன்றி எப்போது போனது, எத்தனை, குட்டி உண்டா என்று வரிசையாகச் சொன்னான். சின்னத் தடயத்திலிருந்து பொருள் எடுக்கிற வேலைதானே அதுவும்? அடுத்த வாரம் தடத்தின் படத்தையும் மலாய்ச் சொல்லையும் ஒரே அட்டையில் எழுதித் தொடங்கினேன். எல்லாம் கூடிவந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பாதிப் பிள்ளைகள் பழமரக் காலத்தில் வரவே இல்லை. வந்தவர்கள் அட்டையைக் கேட்டு வாங்கினார்கள்.

பேத்தி அக்கா, அந்தத் தனி மேசையில் உங்கள் பையனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

#10 | தோட்டத்துப் பேத்தி

வாத்தியார் சொன்னது சுருக்கென்றது. கேட்டேன். பக்கத்து இடம்தானாம். பெயர்கூடச் சொன்னான். கால்பந்தில் இவன் பக்கத்து கோல்கீப்பராம். எனக்குத்தான் தெரியவில்லை.

சோதனைத் தாள் கிடைத்தது. ஆசிரியை மறுக்கவில்லை, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள விட்டார். சொல்வதெழுதுதல் பத்துச் சொல், ஏழு தப்பு. டீச்சர், பாருங்கள்:

கல் என்பதற்கு "பாத்து", அதில் டி எழுத்து இரண்டு போட்டிருக்கிறான். நத்தை, "சிப்புட்", அதில் பி இரண்டு. "கொடு" என்பதற்கான பாகியைக் "காலை" என்பதற்கான பாகியாக எழுதியிருக்கிறான். "தோண்டு" என்ற காலியை "தடவை" என்ற காலியாக. "லெமா"வில் கடைசி எச் இல்லை (அந்தச் சொல்லே சோதனையில் வந்திருக்கிறது பாருங்கள்!). "பூடாக்"கில் கடைசி கே இல்லை. "நெருப்பு" என்ற ஆப்பியில் பி இரண்டு. வாசிப்பில் ஒரு பத்தி, போர்வீரர்களைப் பற்றியது. "போர்" என்று வருகிற இடத்திலெல்லாம் "பழுப்பு நிறம்" என்று வாசித்தானாம். ஆசிரியை ஓரத்தில் "பொருள் புரியாமல் வாசிக்கிறான்" என்று எழுதியிருக்கிறார்.

#11 | குறைநீக்கல் டீச்சர்

பேத்தி, பையன் தங்கம். இது தெரியாமல் செய்த தப்பு இல்லை, ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு செய்த தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வல்லினம் தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், அழுத்தி ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். "படம்", "பட்டம்" சொல்லிப் பாருங்கள். மலாயில் இரட்டிக்கும் வழக்கம் இல்லை, ஒற்றை எழுத்தே அழுத்தி ஒலிக்கும். நம் காது அழுத்தத்தைக் கேட்டதும் கை தானாக இரட்டிக்கிறது. பையன் மட்டுமா செய்தான்? மலாய்க்காரர் ஒரு டி-யோடு எழுதுகிற கல்லை எடுத்துத்தான் நாம் "பத்துமலை" என்கிறோம். ஒரு பி-யோடு எழுதுகிற நத்தையை எடுத்துத்தான் "சுங்கை சிப்புட்" என்கிறோம். "ஈப்போ"வில் இரண்டு ப் போட்டதும் அல்லாமல் கடைசி எச்-சையும் முழுங்கிவிட்டோம், அவன் "லெமா"வில் முழுங்கின அதே எச். "தைப்பிங்" என்பதிலும் இதே கதை. நூறு வருடமாக நம் முன்னோர் ஊர்ப்பெயர்களில் செய்ததைத்தான் இவன் சோதனைத் தாளில் செய்திருக்கிறான்.

அடுத்து பாகி, காலி. இந்த இழையிலேயே கவனித்தீர்களா? பேத்தி தமிழில் எழுதியதால் எது கொடு, எது காலை என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, பொருளையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. "பஸ்"ஸில் வருகிற ப-வும் "பல்"லில் வருகிற ப-வும் நமக்கு ஒரே எழுத்து. "காந்தி"யின் க-வும் "கடல்" க-வும் ஒரே எழுத்து. மலாயில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். இதை யாராவது ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லித்தந்தால்தான் தெரியும்.

போரும் பழுப்பும் இன்னும் சுவையானது. மலாயில் அந்த இரண்டு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. உள்ளே வருகிற ரோமன் எழுத்து e-க்கு இரண்டு ஒலி உண்டு. ஒன்று நம் "எ". மற்றது வாயைத் திறந்தும் திறக்காமலும் சொல்கிற ஒலி, அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. எழுத்து காட்டிக்கொடுக்காது, சொல்லை முன்பே காதால் அறிந்திருந்தால்தான் சரியாக வரும். மலாய்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே காது பழகியிருக்கிறது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரத் தேவைப்படவும் இல்லை. அதனால்தான் சொல்லித்தர வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே ஆசிரியைக்குத் தெரியாமல் போகிறது. "பூடாக்"கின் கடைசி கே-யும் அப்படித்தான், தொண்டையிலேயே நின்றுவிடும். நம் காதுக்கு எட்டாது.

இதில் எதுவும் இந்தியப் பிள்ளையின் மூளையில் இல்லை. இரண்டு எழுத்து முறைகளுக்கு நடுவே இருக்கிறது. அதிகம் போனால் ஆறு வாரப் பாடம்.

#12 | கிராணி மகன்

பத்துமலையை இப்படி நான் யோசித்ததே இல்லை, சரி. நானும் புகுமுக வகுப்பில் இரண்டு டி போட்டு அடி வாங்கியிருக்கிறேன். ஏன் தப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் டி-யை அடித்துவிட்டு மேலே ஒரு கொட்டு வைத்தார்கள்.

ஆனாலும் என் கட்சியை முழுக்க விடமாட்டேன் டீச்சர். தேர்வில் இரண்டு டி போட்டால் தப்புத்தான், காரணம் கேட்டு யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். அந்த ஆறு வாரப் பாடத்தைத் தமிழ்ப்பள்ளியிலேயே மூன்றாம் ஆண்டில் ஏன் நடத்தவில்லை? அதற்கு ஆசிரியை மேல் பழி போட முடியாதே.

#13 | குறைநீக்கல் டீச்சர்

நியாயமான கேள்வி. பாடத்திட்டத்தில் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. தமிழ் சொல்லித்தருகிற ஆசிரியரும் மலாய் சொல்லித்தருகிற ஆசிரியரும் ஒரே பள்ளியில் ஒரே மேசையில் பசியாறுவார்கள், ஒரு நாளும் இரண்டு எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசியதில்லை. என் 27 வருடத்தில் நானும் அதைச் செய்தது கடைசி ஐந்து வருடம் மட்டும். அதுவும் அந்த நரி-காகக் குழந்தை ஒருநாள் "டீச்சர், மலாயில ஏன் ரெண்டு ப் போடமாட்டாங்க?" என்று கேட்டதால்.

#14 | ஆய்வு மாணவி

டீச்சர், என் ஆய்வில் இருந்த 340 பிழைகளை நேற்றிரவு மறுபடி திறந்தேன். "கவனக்குறைவு" என்று ஒதுக்கிய பெட்டியில் பாதி, இரட்டித்த எழுத்து. உங்களோடு பேச முடியுமா? தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். வாத்தியாருக்கும்.

#15 | தோட்டத்துப் பேத்தி

இன்று ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்தேன். சண்டைக்குப் போகவில்லை. ஒரு தாளில் "ஈப்போ" என்று தமிழில் எழுதி, எழுத்தெழுத்தாக ஒலித்துக் காட்டினேன். இரண்டு ப் எங்கே என்று விரலால் தொட்டுக் கேட்டார். பிறகு "பத்துமலை" எழுதச் சொன்னார். பிறகு அவர் பெயரையே எழுதச் சொன்னார். அதிலும் ஓர் எழுத்து இரட்டித்தது! சிரித்துவிட்டார். ஆசிரியர் பயிற்சியில் ஜாவி (அரபு எழுத்தில் மலாய்) கற்றேன், கொஞ்சம் சீனம்கூடக் கேட்டிருக்கிறேன், தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்று யாரும் சொன்னதில்லை என்றார். "மெமாங் லெமா" பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை மட்டும் பேனாவால் அடித்தார்.

தனி மேசை இன்னும் இருக்கிறது. அதை மாற்ற மேலே கேட்க வேண்டுமாம், அரையாண்டுச் சோதனை வரைக்கும் அப்படித்தான். ஆனால் "பா பி பூ" அட்டை போய்விட்டது. டீச்சர் சொன்ன பாகி, காலி மாதிரி இரட்டைச் சொற்கள் கொண்ட பட்டியல் இருந்தால் அனுப்பச் சொன்னார், வகுப்பு முழுவதற்கும் நடத்துகிறேன் என்றார்.

சின்னவள் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. வீட்டுக்காரர் தேசியப் பள்ளி என்கிறார், பாட்டி பேப்பர் வாசிக்க அடுத்த ஆள் வேண்டும் என்கிறார். படிவம் நிரப்ப இன்னும் நாள் இருக்கிறது.

பெரியவன் இப்போது ஊர்ப்பெயர்களைப் பட்டியல் போடுகிறான், தமிழில் ஒரு வரிசை, மலாயில் ஒரு வரிசை. கோல்கீப்பர் பையனிடம் கேட்டு மூன்றாவதாகத் தெமியார் வரிசையும் சேர்த்திருக்கிறான். நம் ஊருக்கு அவர்கள் மொழியில் வேறு பெயராம், எப்படி எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வாத்தியார், உங்களுக்குத் தெரியுமா?

#16 | குறைநீக்கல் டீச்சர்

பழைய பட்டியல் பரணில் பெட்டிக்குள் இருக்கிறது. ஞாயிறு மருமகன் வருவான், இறக்கித்தரச் சொல்லி படம் எடுத்து அனுப்புகிறேன். 64 ஜோடி இருக்க வேண்டும், கரையான் விட்டுவைத்திருந்தால்.